டிவி காட்டிய படம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே வெயில். சட்டை முதுகில் ஒட்டுகிறது. போன் சார்ஜர் வயர் பழுது, புதிது வாங்க வேண்டும்.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். ஒன்று விடாமல். மகள் மாலினிக்கு இந்த வருடம் பிள்ளை தங்கும் என்றேன், தங்கியது. இந்தப் போன் சாமான்கள் ஒருநாள் வீட்டுச் சங்கதியை நம்மைக் கேட்காமலே வெளியே கொட்டும் என்றேன், கொட்டியது. பாய் டீக்கடையில் உட்காருகிற அத்தனை பேரும் சாட்சி. ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் பினாங்கில் பாதிப் பேர் நான் சொன்ன போனைத்தான் வைத்திருக்கிறார்கள். கொம்தார் கட்டடத்தில் போன் விற்கிற பையன்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள்.

நான் சொல்லாதது ஒன்று. அது நேற்று சாயந்திரம் நடந்தது. மகள் வயிற்றில் பிள்ளை நிற்கவில்லை.

மருமகன் சுரேன் என் மனைவி சரசுவுக்குத்தான் போன் செய்தான். எனக்கு இல்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்தாள். நானும் சட்டையை மாட்டினேன்.

"நீங்க வேணாம்."

"ஏன்?"

"அவ வேணாங்கிறா."

ஆஸ்பத்திரிக்கு அவள் மட்டும். மாட்டிய சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து ஹாலில் நானும் சரசுவும். அவள் கண் அசந்திருந்தாள். டிவி சும்மா ஓடுகிறது. திடீரென்று தானாகப் படம் மாறுகிறது. கறுப்பாக, நடுவில் வெள்ளையாக ஒரு விதை. ஸ்கேன் படம். மேலே ஆங்கிலத்தில் மாலினி பேர். புல்லரித்துவிட்டது. டிவியே என்னைத் தாத்தா என்று கூப்பிட்ட மாதிரி.

எப்படி வந்தது என்றால், வீட்டில் எல்லாப் போனும் என் ஒரே கணக்கில். மாலினி காலேஜ் சேர்ந்தபோது நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு எதற்கு? ஒரு வீட்டுக்கு ஒரு சாவி. அவள் எடுக்கிற படம் என் போனுக்கும் வரும், டிவிக்கும் வரும். கல்யாணமாகிக் கெலுகோர் போன பிறகும் அப்படியே விட்டிருந்தோம்.

'தாத்தா ஆகிறேன்' என்று எழுதிப் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சம்பந்தியம்மாவே அதில்தான் முதலில் பார்த்தார். பிறகு பாய் கடையில் எல்லா மேசைக்கும் தே தாரே, நுரை பொங்க ஆற்றிய டீ, என் செலவில். பழக்கடை, முடிவெட்டுகிற கடை, கோயில் வாசல், ஒன்றையும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாலினி கூப்பிட்டாள். கத்தவில்லை.

"ப்பா, யார் யாருக்கு சொன்னீங்க?"

"நம்ம ஆளுங்களுக்குத்தான்மா."

"நம்ம ஆளுங்கன்னா?"

பேர் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது. நம் வீடுகளில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் சொன்னேன். சந்தோஷம் வாயில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடி வெயில். சார்ஜர் வாங்கவில்லை. மாலினியைக் கெலுகோர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. பழக்கடை அக்கா தூரத்திலேயே கையைக் காட்டினார்.

"தாத்தா வர்றாரு, வழி விடுங்க லா."

மாதுளையாகப் பொறுக்கிப் பையில் போட்டார். "மகளுக்கு. ரத்தம் ஊறும். காசெல்லாம் வேணாம்."

வாங்கிக்கொண்டேன். மகள் எப்படி இருக்கிறாள் என்றார். நன்றாக இருக்கிறாள், வாந்திதான் கொஞ்சம் என்றேன். வாந்தியை யார் கேட்டார்கள்? தானாக வந்தது.

பாய் கடை. பாய்க்குத் தன் மனைவிக்குப் புதுப் போன் வாங்க வேண்டுமாம்.

"அண்ணே, நீங்க சொல்றதுதான். எது எடுக்கலாம்?"

ஆரம்பித்துவிட்டேன். கேமராவைப் பார்த்து ஏமாறக் கூடாது. பேட்டரி காலையிலிருந்து படுக்கிற வரை நிற்கணும். கையில் பிடித்தால் கட்டைவிரல் மூலைக்கு எட்டணும். மடிக்கிற போன் வேண்டவே வேண்டாம், மடிக்கிற நாற்காலியே நம்மிடம் நிற்பதில்லை. இலவசமாகத் தருகிற கவருக்காகப் போன் வாங்குகிறவன் முட்டாள். ஜுருவில் ஒரு பெரிய தொழிற்சாலை மேனேஜரே காரை நிறுத்தி என்னிடம் கேட்டுத்தான் வாங்கினார். நாலு மேசை திரும்பிக் கேட்டது. கொஞ்ச நேரம் நெஞ்சு லேசாக இருந்தது.

"கணக்கு?" என்றார் பாய். "வீட்டுக்கு ஒண்ணே போட்றலாமா? நீங்கதானே எப்பவும் சொல்வீங்க."

"ஆளுக்கு ஒண்ணு போடுங்க பாய்."

"அன்னைக்கு வேற சொன்னீங்க?"

"அது அன்னைக்கு பாய்."

தே ஆறிவிட்டது. குடிக்காமல் வந்தேன்.

மாதுளை சமையல் மேடையில். சரசு பார்த்தாள், எங்கிருந்து என்று கேட்கவில்லை. கெலுகோருக்கு ரசம் கொண்டு போய்விட்டு வந்திருந்தாள். 'ரெண்டு வாய் சாப்பிட்டா' என்றாள். என்னைக் கேட்டாளா என்றேன். இல்லை என்றாள். அப்புறம் கொஞ்சம் கழித்து,

"ஏங்க, நானும் ஹால்லதானே இருந்தேன். டிவியில சமையல்தான் ஓடிச்சு. அந்தப் படத்த நான் பாக்கலியே."

"நீ தூங்கிட்ட."

"தூங்கினேனா?"

"வாயத் தொறந்துகிட்டு."

யோசித்தாள். ஒத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில், மத்தியானம் இடி மட்டும்.

போனைத் திறந்தால் குழந்தை நாப்கின் விளம்பரம். பால் புட்டி. யானை படம் போட்ட மெத்தை. ஞாயிறு சாயந்திரம் தொட்டில் எப்படியெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், அதைப் பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லாருக்கும் நான் சொன்னேன், இதற்கு யார் சொன்னது? இப்போது இது எனக்கே திருப்பிச் சொல்கிறது.

மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தினேன். ஏன் வேண்டாம் என்று கேட்கிறது. பதிலும் அதுவே தருகிறது, ஒன்றைத் தொட வேண்டும். அடிக்கடி வருகிறது. பிடிக்கவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டேன். எதைத் தொடுவது? பார்த்துக்கொண்டே இருந்தேன். திரை தானாக இருண்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. துணி காயவில்லை. கே.எல்.லில் இருக்கிற என் தங்கச்சிக்கு இன்னும் செய்தி தெரியாது. 'எத்தனையாவது மாசம் அண்ணே' என்று குரூப்பில். பதில் போடவில்லை. படித்துவிட்டேன் என்று போனே அவளுக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். எனக்கு ஆகவே ஆகாத வசதி அது.

சுரேன் ஜுருவில் வேலை முடிந்து பாலம் தாண்டி நேராக இங்கே. சட்டை நனைந்திருந்தது. மரியாதையாகப் பேசினான். திட்டியிருக்கலாம்.

"மாமா, கணக்க பிரிச்சுரலாம். போனத் தாங்க."

கொடுத்தேன்.

"பாஸ்வேர்டு?"

"மாலினி பேரு. பின்னால அவ பொறந்த வருஷம்."

விரல் கொஞ்சம் நின்றது. பிறகு தட்டினான்.

"போன வருஷமே பிரிக்கலாம்னு சொன்னேன் மாமா. அவதான் விடல."

"ஏன்?"

"'அப்பா அதெல்லாம் தொறந்து பாக்க மாட்டாரு, இருக்கட்டும்'னா."

ஜன்னலை மூடப் போனேன். சாரல் உள்ளே வரவில்லை. ஆனாலும் மூடினேன்.

"டிவியில ஏன் வந்துச்சுன்னும் பாத்துடலாம். அந்த செட்டிங் எங்க?" ரிமோட்டை எடுத்தான்.

"அத நான் அன்னைக்கே அணைச்சிட்டேன் மாப்ள."

"நல்லது மாமா." ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான்.

என் போனில் ஒரு வட்டம் சுற்றியது. மாலினியின் கல்யாணம், கேமரன் மலை, அவள் வைத்த மீன் குழம்பு, பால்கனித் துளசி, மாடிப்படியில் தூங்குகிற பூனை. அப்புறம் ஒன்றும் இல்லை. வெள்ளை. எவனுடைய போனையோ கையில் வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். மாலினி வந்துவிட்டாள். பத்தியச் சாப்பாடு அங்கே யார் செய்து கொடுப்பார்கள் என்று சரசு போய்க் கூட்டி வந்தாள். பூண்டு, மிளகு, குளிக்க வெந்நீர். பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதெல்லாம் செய்கிறாள். பிள்ளைதான் இல்லை.

முகம் சின்னதாகிவிட்டது. உள்ளே வரும்போது 'ப்பா' என்றாள். அவ்வளவுதான். சாப்பிட்ட பிறகு ஹாலுக்கு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உண்மைய சொல்லிடுங்க. நான் இந்த வீட்டுக்கு வந்து போறதே அதுலதான் இருக்கு."

"கேளும்மா."

"டிவியில தானா வந்துச்சா, இல்ல நீங்க தொறந்து பாத்தீங்களா?"

"டிவியிலதான்மா. கண்ணு முன்னால வந்து நின்னுச்சு, நான் என்ன பண்ணுவேன்."

பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து சரசு, "நான்கூட பக்கத்துலதான் இருந்தேன், அசந்துட்டேன்" என்றாள்.

"சரி. மெஷின் பண்ணதுக்கு உங்கள சொல்லி என்ன."

அப்புறம் அழுதாள். என் தோளில்தான். பள்ளிக்கூடம் முடித்த பிறகு அவள் என் தோளில் அழுததே இல்லை.

"வெளிய சொன்னதாலதான் போச்சுன்னு சுரேன் வீட்டு அத்தைங்க பேசுறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லப்பா. டாக்டரும் அப்படி இல்லன்னுட்டாங்க. ஆனா மொத தடவ புள்ள போனப்ப, எல்லாருக்கும் சொன்னது நான், அப்புறம் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு இல்லன்னு சொன்னதும் நான். அவங்க அழுவாங்க, நான் சமாதானம் சொல்லணும். இந்தத் தடவ அது வேணாம்னுதான் மூச்சு விடாம இருந்தேன்."

"நான் சொல்லிடறேன்மா."

"எல்லாருக்குமா?"

"நான்தானே சொன்னேன்."

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று. குடை வேண்டியிருக்கவில்லை.

சொல்ல வேண்டியவர்கள்: கே.எல். தங்கச்சி. பழக்கடை அக்கா. பாய். முடிவெட்டுகிறவர். கோயில் குருக்கள். லிப்டில் பார்த்த ஒருவர், பேர் தெரியாது, அவரிடமும் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

தங்கச்சி போனிலேயே அழுதாள். சமாதானம் சொன்னேன். மாலினி சொன்னது புரிந்தது.

பழக்கடை அக்கா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, புள்ள நிக்கல."

கை நின்றது. "எப்ப?"

"போன திங்கள்."

"புதன்கெழம மாதுளை வாங்கிட்டுப் போனீங்களே."

"ஆமா."

அவர் மறுபடி தட்டைத் துடைத்தார்.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அல்லா கொடுப்பான் அண்ணே, மனச விட்றாதீங்க." பக்கத்து மேசையில் டாக்சி ஓட்டுகிற மணியம். அவனுக்கு நாக்கில் எலும்பு கிடையாது.

"ஏன்ணே, ஒரு மூணு மாசம் பொறுக்க முடியலியா? போனுக்கு எத்தன பூட்டு போடச் சொல்லுவீங்க. வாய்க்கு ஒண்ணு போட்ருக்கலாம்."

"நீ ரொட்டியத் தின்னு லா," என்றார் பாய்.

"டிவி பண்ண வேலை மணியம்," என்றேன். அதை மட்டும் எல்லா இடத்திலும் சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாக வருகிறது. படம் வருவதற்கு முன்னால் என்ன விளம்பரம் ஓடியது என்பதுகூட இப்போது சொல்ல முடிகிறது. தலைவலித் தைலம்.

லிப்ட் ஆளைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில் திரும்பிவிட்டது. மாலினி காலையில் தாழ்வாரத்தில் கொஞ்சம் நடந்தாள். இட்லி சாப்பிட்டாள், சட்னி கேட்டு வாங்கினாள். சரசு எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஹாலுக்கு வந்தவள் டிவி முன்னால் நின்றாள். கொடியிலிருந்து என் நீலத் துண்டை எடுத்து அதன் மேல் போட்டாள். ஓரம் தெரியாமல் இழுத்துவிட்டாள்.

"நான் இருக்கிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்ப்பா. எப்ப எதக் காட்டும்னு பயமா இருக்கு."

"இருக்கட்டும்மா."

"உங்களுக்கு செய்தி பாக்கணுமே."

"அது கெடக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்துக்குக் கண் மங்குகிறதாம், போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். அவளே விரலை வைத்துப் பூட்டைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கவே இல்லை. எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். திருப்பிக் கொடுப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

போனை அவள் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். துண்டு மூடிய டிவியைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அது அன்றைக்கு எதையும் காட்டவில்லை. சரசு சொன்ன மாதிரி சமையல்தான் ஓடியது, அவள் தூங்கவும் இல்லை. நான் என் போனில் மாலினி படங்களைத் திறந்தேன். அவள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து தினமும் திறப்பேன்.