வெய்க்கோவின் சௌனாவில் வியர்த்த கதை

ஜனவரி 11

வாசல் பனியை ஒரே மூச்சில் வழித்தேன். சுப்பீரியர் ஏரிக்கரை முழுக்கத் தேடினாலும் என்னைப் போல மண்வாரி பிடிக்க ஆள் இல்லை. இந்தக் குளிரிலும் சட்டை தொப்பல். கை கொஞ்சம் நடுங்கியது. மைத்துனன் வெய்க்கோவின் மகள் இர்யா பார்த்துவிட்டாள். நர்ஸ் அல்லவா!

"மாமா, இது உழைச்ச வியர்வை இல்ல. கழுத்தெல்லாம் சில்லுன்னு இருக்கு. சர்க்கரை இறங்குது, குடிங்க."

ஆரஞ்சுச் சாறு உள்ளே போனதும் நடுக்கம் நின்றது. தற்செயல்தான். என் உடம்பு ஒரு கொதிகலன்!

ஜனவரி 12

இர்யாவின் உத்தரவு: இன்சுலின் போட்டதும் சௌனாவுக்குப் போகக் கூடாதாம். சூட்டில் மருந்து வேகமாக ஏறுமாம். முதலில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டுமாம். பின்லாந்துக்காரனுக்கு நீராவிக் குளியல் பாடமா?

ஜனவரி 16

நாளை சனிக்கிழமை, சௌனா. சூடு அதிகமான மேல் பலகையில் என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்து ஜெயிப்பானாம் வெய்க்கோ. பாவம்.

ஜனவரி 19

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

சனிக்கிழமை ஊசி போட்டேன், சாப்பிடவில்லை. வயிறு நிறைந்தால் மேல் பலகையில் தாங்காது என்று ஒரு கணக்கு. வெய்க்கோ சூட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றினான். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. அந்த ஆவியில் எது எந்த வியர்வை? யார் கண்டது? கரடியை வெறுங்கையால் துரத்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் — அதோடு சரி. வேறெதுவும் நினைவில்லை.

வெய்க்கோ சொன்னது: "வாய மூடு மச்சான்னு வருஷக்கணக்கா கத்துறேன். அன்னிக்கு நீயா மூடின பாரு, எனக்கு உயிரே போச்சு. உலுக்குனா பொம்மை மாதிரி சாயுற!"

வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான். வாயில் ஜூஸ் ஊற்றப் போனவனை, "மயங்குனவருக்கு ஊத்தாதப்பா, புரையேறிடும்!" என்று தடுத்து, இர்யா சர்க்கரையை ஏற்றும் அவசர ஊசியைத் தொடையில் குத்தினாளாம்.

ஜனவரி 21

கரடி கடைசியில் என்ன ஆனது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பயமாயிருக்கு.

ஜனவரி 24

சௌனாவின் உடை மாற்றும் அறையில் விரலைக் குத்தினேன். இவ்வளவு துணிச்சலாகக் குத்திக்கொள்பவன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. சர்க்கரை அளவு குறைவு. இன்று சௌனா இல்லை. கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டி தின்றேன். வெய்க்கோ தனியாக உள்ளே போனான். சற்று நேரத்தில் உள்ளிருந்து கதவைத் தட்டினான்.

"மச்சான்! என்ன சத்தத்தையே காணோம்?"

"மென்னுக்கிட்டிருக்கேன்டா!"

"மென்னுக்கிட்டே பேசு."