எங்கே என்று சொல்லும், எத்தனை முறை என்று சொல்லாது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் நின்றபடி. செருப்பு வார் அறுந்தது.

ஆம்புலன்ஸ் திரை இன்றும் நாலைந்து முறை நின்றது. எந்த வண்டி எங்கே போகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குக் காட்டும், எங்கள் டீம் எழுதிய திரை. ஒரு நொடிதான் நிற்கிறது. ஆனால் போனில் யாரோ அழுதுகொண்டிருக்கும்போது அந்த ஒரு நொடி நீளம்.

நினைவகப் பிரச்சினை என்று சந்தேகம். ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமின் ஒரு சிறு பகுதி, தன் வேலைக்கு எடுக்கும் இடம், வேலை முடிந்ததும் தானே காலியாகும். அதில் உள்ளதை வெளியே யாராவது பிடித்துக்கொண்டிருந்தால், நாங்கள் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைப் பொது இடத்துக்கு மாற்றிவிடும். அங்கே சேர்ந்துகொண்டே போனால் சுத்தம் செய்ய புரோகிராம் நிற்கும். எது எது அப்படித் தப்பிப் போகிறது என்று கேட்டால் கம்பைலரே வரி எண்ணோடு சொல்லும். கேட்டேன். டீமுக்குப் புதிதாக வந்த கவிதா எழுதிய ஃபோல்டரில் பதினேழு வரி. வண்டியின் விவரத்தைத் திருப்பித் தரும் அவள் ஃபங்ஷன்தான் முதலில்.

கவிதாவின் ஃபங்ஷன்தான் காரணம் என்று டீம் தலைவர் ரங்கநாதன் சாருக்கு மெயில். டீம் முழுவதற்கும் நகல். எதற்கு எல்லோருக்கும்? தெரியவில்லை. பழக்கம்.

ஜூலை 9, புதன்

தூறல். குடை வீட்டில்.

கவிதாவை, மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடும் டெஸ்டிங்கிற்கு மாற்றிவிட்டார் சார். இந்த மாதம்தான் அவளை நிரந்தரம் செய்வதாக இருந்தது, அதுவும் தள்ளிப்போயிற்று. ஆற்றோரக் குடிசையை இடித்த பிறகு அரசு வீடு கொடுத்த பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

அவள் ஃபங்ஷனைத் திருத்தினேன். விவரம் இருக்கும் இடத்தைத் தராமல், விவரத்தின் நகலைத் தரும்படி. கம்பைலர் இப்போது ‘தப்பவில்லை’ என்கிறது. என் ஃபோல்டர்களைப் பற்றி முதலிலிருந்தே ஒரு வார்த்தை இல்லை.

மாலை, திரை மறுபடி நின்றது. எப்படி?

ஜூலை 10, வியாழன்

கறிவேப்பிலை, பல்பு, அண்ணனுக்கு போன்.

திரை ஆறு முறை நின்றது. கம்பைலர் பொய் சொல்லுமா? சொல்லாது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தபோது பிள்ளைகளிடம் அடித்துச் சொன்ன விஷயம் அது. அப்படியானால் நான் என்ன கேட்டேன்?

ஜூலை 11, வெள்ளி

பதினொரு மணிக்குக் கவிதா என் மேஜைக்கு வந்தாள்.

“யக்கா, நாலாம் நம்பர் வண்டி சும்மா கீதுன்னு காட்டுது. டிரைவருக்கு போன் போட்டா, பேஷண்ட்டோட போய்க்கினு இருக்கேன்றாரு. இன்னா பண்ணி வச்சே?”

நான் செய்த திருத்தம்தான். வண்டி கிளம்பியது என்பது நகலில் பதிவாகிறது. அசல் அப்படியே ‘காலி’ என்று இருக்கிறது. அந்த வண்டியை இன்னொரு நோயாளிக்கு அனுப்பியிருப்பார்கள். அவள் பார்த்ததால் தப்பித்தோம். பழைய ஃபங்ஷனை அப்படியே திரும்ப வைத்தேன். சரியாக எழுதியிருந்தவள் அவள்.

திரை ஏன் நிற்கிறது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

பஸ் வரவில்லை, ஆட்டோ.

புரிந்துவிட்டது. அன்று கட்டளையில் நான் கொடுத்தது கவிதாவின் ஃபோல்டர் பெயரை மட்டும். கேட்காத இடத்தைப் பற்றி கம்பைலர் பேசாது. இன்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்டேன். முந்நூறு வரிக்கு மேல். அந்த வரிகள் எங்கே என்று சொல்லும், எத்தனை முறை என்று சொல்லாது. அதைத் தனியாக எண்ணிப் பார்த்தேன். கவிதாவின் பதினேழும் காலையில் வண்டிப் பட்டியலை ஏற்றும்போது ஒருமுறை ஓடுபவை. ஒவ்வொரு வண்டியும் நொடிக்கொரு தடவை இடம் சொல்லும்போது ஓடுவது ஒரே ஒரு வரி. இரண்டு வருடத்துக்கு முன் சோதனைக்காக நான் போட்ட, நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் வரி. லாக்கை எப்போதோ அணைத்துவிட்டோம், எதுவும் பதிவாவதில்லை. ஆனாலும் பதிவு செய்யவேண்டியதை ஒவ்வொரு தடவையும் பொது இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வரியை நீக்கினேன். மாலைவரை திரை நிற்கவில்லை.

டீக்கடையில் கவிதாவிடம் சொன்னேன். “தப்பு என்னோடதுதான். உன் ஃபோல்டரை மட்டும் பார்த்துட்டு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ.”

டம்ளரைக் கீழே வைத்தாள். “அன்னிக்கு மெயில்ல அல்லாருக்கும் சொன்னே. இன்னிக்கு டீக்கடைல எனக்கு மட்டும் சொல்றே.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சாரிடம் போனேன். “இப்ப எதுக்கு ஜெசிந்தா கிளறிண்டு? சரியாயிடுத்தோல்லியோ, விடுங்கோ.”

விடுவதா? அவள் பெயரை மட்டும் ஏன் கட்டளையில் கொடுத்தேன்? புதியவள் என்றா? எங்கிருந்து வருகிறாள் என்றா? எழுதவே பிடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். காலை வந்ததும் மெயில். அதே பெயர்கள், ஒன்றும் விடாமல். வரி எண், எழுதியவர் ஜெசிந்தா. நாலாம் நம்பர் வண்டி, கண்டுபிடித்தவர் கவிதா. அவளை நிரந்தரம் செய்யும்படியும் கேட்டேன். அனுப்பும் முன் மூன்று தடவை படித்தேன். சர்ச்சில்கூட இவ்வளவு சத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை.

சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம் கவிதாவைக் கூப்பிட்டார். நிரந்தரமாம், பழைய இடத்துக்கே போகலாமாம். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“டெஸ்டிங்லயே கீறேன்னு சொல்லிட்டேன்க்கா. அங்க இருந்தாதான் உங்க அல்லாரு தப்பும் கண்ணுக்குத் தெரியுது.”

சிரித்தாளா, இல்லையா? சொல்லத் தெரியவில்லை. திரும்பி உட்காருவதற்குள் என் பெயருக்குப் புதிய பிழை அறிக்கை ஒன்று வந்திருந்தது. அனுப்பியது அவள்.