பதினான்கு நாள் ஊசி

ஜூலை 19, சனி
ஆஸ்பத்திரியில் நான்காம் நாள். குதிகால் வெடிப்பு வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டதாம். முதலியார்பேட்டையில் வெடிப்பில்லாத கால் யாருக்கு இருக்கிறது? ஒரு நாளைக்கு மூன்று வேளை ஊசி. என் ஆட்டோ வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது.

ஜூலை 21, திங்கள்
காய்ச்சல் இல்லை. என் வீட்டுக்காரி ஜெயம் கொண்டுவந்த நான்கு இட்லியும் உள்ளே போயின. நானும் அவளை முறைக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்
நேற்று எடுத்த ரத்தத்தில் இதுவரை கிருமி வளரவில்லையாம். அப்பாடா என்றால், நேற்றிலிருந்துதான் பதினான்கு நாள் ஊசிக் கணக்கே தொடங்குகிறதாம். ஆகஸ்ட் மூன்று வரை இங்கேயே படுக்க வேண்டும்.

ஆகஸ்ட் ஒன்று தீமிதி. மகள் சுடர்விழி பிறந்து மூச்சில்லாமல் கிடந்தபோது திரௌபதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன் — உயிருள்ளவரை மிதிக்கிறேன் என்று. இருபத்து மூன்று வருஷம் தவறவில்லை. இப்போது அவளே ஐந்து மாதக் கர்ப்பம். இந்த வருஷம் பார்த்தா தவறுவது?

ஜூலை 24, வியாழன்
நாளை காப்புக் கட்டு. கட்டியவன் வெளியே இரவு தங்கக் கூடாது. இன்றே கிளம்பிவிட்டேன். டாக்டர் சந்திரகலா சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, போடவில்லை.

"காய்ச்சல் போனா கிருமி போச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. முதுகெலும்புல போய் உக்காந்துக்கும். அப்புறம் கால் விழுந்துடும்."

சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதுகு வலித்தால் அன்றைக்கே வரச் சொன்னார்.

ஜூலை 28, திங்கள்
நடு முதுகில் வலி. ஆஸ்பத்திரிக் கட்டில் பண்ணின வேலை. ஜெயத்திடம் சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்
புரண்டு படுக்க முடியவில்லை. உடம்பு காந்துகிறது. விரதச் சூடு — யாருக்குச் சமாதானம் சொல்கிறேன்?

ஜெயம் கண்டுபிடித்துவிட்டாள். டாக்டருக்குப் போன் போடப் போனவளிடமிருந்து போனைப் பிடுங்கினேன். காப்பை அவிழ்த்ததும் நானே வருகிறேன் என்றேன். பயமா இருக்கு. ரெண்டே ரெண்டு நாள், தாயே.

ஜூலை 31, வியாழன்
படியேறும்போது இடது கால் இடறியது. இரண்டு தடவை.

ஆகஸ்ட் 1, வெள்ளி
ஜெயத்தின் தம்பி இராமதாஸ் வருகிறான், என்னை என் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

மிதித்துவிட்டேன். எல்லோரும் ஓடினார்கள், எனக்கு ஓட வரவில்லை, தள்ளாடி நடந்துதான் போனேன். ஒவ்வொரு வருஷமும் சுரீரென்று சுடும், வெளியே சொல்வதில்லை. இன்று சுடவே இல்லை. அம்மனே இறங்கிவிட்டாள் என்று ஜனங்கள் காலில் விழுந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டு வாசலில் உட்காரவைத்து ஜெயம் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோல் வழன்று தொங்கியது. உள்ளே ஓடிப்போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தேன்.

"ஊத்தேன்டி" என்றேன்.

"ஊத்திக்கினுதான் இருக்கேன்" என்றாள்.