நீதவான் அம்மாவுக்கு என்ன நடந்தது

மச்சாள்,

உம்முடைய அண்ணை, என்னுடைய மனுசன், போய் முப்பத்தொன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அவருடைய உடுப்புகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, வேலைக்குப் போட்டுக்கொண்டு போன பழைய குளிர்க்கோட்டின் உள்பையில் ஒரு ரெலிபோன் காட் கிடந்தது. தமிழ்க்கடைகளில் காசு வாங்குபவரின் முதுகுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்குமே, வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற அந்தக் காட். வெள்ளிப் பூச்சைச் சுரண்டி நம்பரை எடுத்திருக்கிறார். மகளிடம் காட்டினேன். "இது என்னம்மா, கிஃப்ற் காட்டோ?" என்று கேட்டாள். "இல்லை, இது உன்ரை லண்டன் மாமி" என்றேன். ஒருமாதிரி என்னைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

இவ்வளவு காலமும் உமக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன். சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. நேரே விசயத்துக்கு வருகிறவள் நானில்லை என்பது உமக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

கலியாணம் முடித்து வந்த புதிதில் நீரும் நானும் ஒரே வீட்டில் இருந்தது கொஞ்சக் காலம்தான். அப்போது எங்களுக்குள் பெரிய வாரப்பாடு ஒன்றும் இருக்கவில்லை. என்னுடைய குழம்பு உமக்குப் பிடிக்கவில்லை. உம்முடைய வாய் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு நீர் லண்டனுக்குப் போனீர், நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தோம். உம்மையும் என்னையும் சேர்த்து வைத்தது இரத்த உறவும் இல்லை, கடவுளும் இல்லை. அமெரிக்கன் ரீவி நாடகங்கள்தான்.

டோர்செட் பார்க்கில் அந்த உயரமான அப்பாட்மென்றில் நாங்கள் குடியிருந்த காலம். உம்முடைய அண்ணைக்கு இரவு வேலை. பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, இங்கிலிஸ் பழகலாம் என்று ரீவியைப் போட ஆரம்பித்தேன். பொலிஸ் நாடகம், வக்கீல் நாடகம், ஆஸ்பத்திரி நாடகம். பாதி விளங்காது. ஆனால் அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று மனம் அடித்துக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் உமக்குப் போன் எடுத்தால் வேறு என்னத்தைக் கதைக்கிறது? ஊர்ச் செய்தி கதைத்தால் இரண்டு பேருமே அழுதுவிடுவோம். யார் எங்கே இடம்பெயர்ந்தது, யாரைக் காணவில்லை என்பதே கதையாக இருந்த வருடங்கள் அவை. அதனால் நான் பார்த்த நாடகத்தைச் சொல்லத் தொடங்கினேன். நீர் "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தீர்.

பிறகு எனக்கு ஒரு ஞானம் வந்தது. சொல்லுவானேன், வீடியோ ரேப்பில் பிடித்தே அனுப்பிவிடலாமே என்று. ஒரு வருடத்து நாடகத்தை டெக்கில் பிடித்து, லண்டனுக்குப் போன ஒருவரின் பெட்டியில் பாதியை அந்த ரேப்புகளாலேயே நிரப்பிக் கொடுத்தேன். அந்த மனுசன் திட்டிக்கொண்டுதான் கொண்டுபோனார். ரேப் கிடைத்த அன்றே நீர் போன் எடுத்தீர்.

"மச்சாள், உம்மட நாடகத்தில கலரும் இல்லை, ஆளும் இல்லை. மழை மட்டும் பெய்யுது."

கனடா ரேப் லண்டன் டெக்கில் ஓடாது என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அங்கே வேறு முறை, இங்கே வேறு முறையாம். நான் எவ்வளவு பாடுபட்டுப் பிடித்தது என்று எனக்கு அழுகை வந்தது. நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். "பறவாயில்லை, நீரே சொல்லும். நீர் சொன்னால் எனக்குக் கலராத்தான் தெரியும்" என்றீர்.

இங்கே ஓடிய நாடகம் உங்கள் பக்கம் வர ஒரு வருடம் செல்லும். வந்தாலும் எந்த நாள், எந்த நேரம் என்று ஒழுங்கில்லை. நீர் பேப்பரில் நிகழ்ச்சிகளைப் பார்த்துவைத்துவிட்டு என்னிடம் கேட்பீர்: இது பார்க்கலாமோ, அது பார்க்கலாமோ? நான் தீர்ப்புச் சொல்லுவேன். "அதைத் தொடாதேயும். முதல் நாள் நல்லா இருக்கும், பிறகு ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கிறதுதான்." "இதை ரெண்டு கிழமை பல்லைக் கடிச்சுக்கொண்டு பாரும், பிறகு விடமாட்டீர்." நீர் வேலை செய்த பள்ளிக்கூடக் குசினியில் வெள்ளைக்காரப் பெண்களுக்கும் இதெல்லாம் போய்ச் சேர்ந்தது. "என்ரை மச்சாள் கனடாவில இருக்கிறா, அவ பாத்திட்டுத்தான் சொல்லுறவ" என்று நீர் பெருமையடித்திருக்கிறீர். கரட் வெட்டிக்கொண்டு நின்ற ஒரு கிழவி, அடுத்தது எது நல்லது என்று உம் மூலம் என்னிடம் கேட்டு அனுப்பினாள். வெள்ளைக்காரிக்கு நாடகம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிருகிறது.

நீர் லேசில் மடியவில்லை. "உங்கட அமெரிக்கன்காரர் சப்பாத்தோட கட்டில்ல ஏறுகினம். அழுதாலும் கண்மை கரையுதில்லை. எங்கட இங்கிலிஸ் நாடகத்தில மூக்குச் சிவந்திருக்கும், பல்லு மிதந்திருக்கும், ஆக்கள் ஆக்கள் மாதிரி இருப்பினம். ஆறு கிழமையில கதையும் முடிஞ்சிடும்" என்பீர். "ஆறு கிழமையில ஒரு மனுசியை என்னெண்டு தெரிஞ்சுகொள்ளுறது?" என்று நான் கேட்பேன். ஆறு வருடம் எடுத்தது எனக்கு, உம்மைத் தெரிந்துகொள்ள.

கடைசியில் உம்மை விழுத்தியது அந்த நீதிமன்ற நாடகம்தான். ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பட்டினம், அங்கே ஒரு பெண் நீதிபதி. தனியே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவ. நாங்கள் யாருடைய பெயரையும் சொல்ல மாட்டோம், எங்களுக்கு வாயில் வராது. அவவுக்கு நீதவான் அம்மா என்று பெயர் வைத்தீர். நீதிமன்றத்தில் எல்லோரையும் வெருட்டுகிற அவ, வீட்டுக்கு வந்து சாப்பாட்டைக் கருக்கிவிட்டுப் பிள்ளைகளோடு கத்துவா. "இவ என்ன, என்னைப் பாத்தோ எழுதினவங்கள்?" என்று கேட்டீர். உமக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். உமக்கும் அந்த வாய்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் உம்முடைய கணவர் போன் எடுத்து உம்முடைய அண்ணையோடு அழுதார். உமக்குப் புற்றுநோய், சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, ஆனால் வருத்தம் வேறு இடங்களுக்கும் போய்விட்டது, டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உமக்கு இங்கிலிஸ் விளங்காது என்று சொல்லி அவரே பக்கத்தில் நின்று தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறார். கட்டியை எடுத்தாச்சு, மருந்து குடுத்தால் சரி என்று. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். உம்முடைய அண்ணை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அவளுக்குத் தெரிஞ்சால் இண்டைக்கே படுத்திடுவாள். நீர் வாய் திறக்கக்கூடாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் உம்மோடு சிரித்துக் கதைத்துவிட்டு, போனை வைத்ததும் குளியலறைக்குள் போய் அழுவேன். எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது, மச்சாள்.

அடுத்த வசந்தத்தில் இங்கே நீதவான் அம்மாவுக்கு வருத்தம் வந்தது. என்ன எழுத்தோ, என்ன விதியோ. அவவுடைய டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான், இனி மருந்து கேட்காது என்று. அது உங்கள் ரீவிக்கு வர அடுத்த மாரியாகும். நான் உமக்கு அந்த நாடகத்தைப் பற்றியே பேசுவதை நிறுத்தினேன். நீர் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. உம்முடைய அண்ணை உம்முடைய பெயருக்கு அர்ச்சனை செய்ய றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போயிருந்தார். போனில் உம்முடைய குரல் மெலிந்திருந்தது.

"நீதவான் அம்மாவுக்கு என்ன நடந்தது? ஏன் நீர் சொல்லுறீர் இல்லை?"

"கொஞ்சம் சுகமில்லாமல் வருது. அடுத்த வருசம் வரேக்கை பாருமன்."

"அடுத்த வருசம் பாக்கலாமெண்டால் நான் ஏன் உம்மைக் கேக்கிறன்?"

நீர் ஆறுதலாகத்தான் பேசினீர். "இஞ்ச எல்லாரும் எனக்குச் சுகம் வருமெண்டு சொல்லுகினம். நீர் இவ்வளவு காலமும் ஒரு கூடாத நாடகத்தைக்கூட எனக்கு நல்லதெண்டு சொன்னதில்லை. அவ தப்புறாவோ, சாகிறாவோ? சொல்லும்."

பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை நான் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

"அவ தப்பேல்லை, மச்சாள்" என்றேன். "செத்துப்போறா."

நீர் கத்தவில்லை. நீண்ட மூச்சு ஒன்று விட்டீர். ஒரு கனமான பெட்டியை இறக்கி வைத்தவர் விடுகிற மூச்சுப் போல இருந்தது. "டொக்டர் சொல்லேக்கையே எனக்கு விளங்கினது" என்றீர். "இவ்வளவு நாடகம் பாத்த எனக்கு அந்த இங்கிலிஸ் விளங்காதோ? அவர் வேறமாதிரிச் சொன்னார். பாவம், மனுசனுக்காகத் தலையாட்டினனான். தெரியாத மாதிரி இருந்து இருந்து களைச்சுப்போனன். ஆரோடயாவது வாய்விட்டுக் கதைக்க வேணும் போல இருந்தது."

அதன் பிறகு நீர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "பிள்ளையளிட்டை அவ எப்பிடிச் சொன்னவ?"

நான் சொன்னேன். நீதவான் அம்மா பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றைப் பார்த்தபடி நிறுத்தினவ. காருக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. எல்லோரும் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருக்க, அவ மெல்லச் சொன்னவ. நடுவில் சின்னவள் சிரிக்கிற மாதிரி ஒரு பகிடியும் விட்டவ.

"நல்ல யோசினை" என்றீர். "எங்களிட்டைக் கார் இல்லையே." பிறகு, "பாப்பம்."

நீர் என்ன செய்தீர் என்பதை உம்முடைய மூத்தவள் பிறகு எனக்குச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி, முன்சீற்றில் நடுவில் இருந்தீராம். பெரிய கண்ணாடிக்கு வெளியே தெரு ஓட ஓடச் சொன்னீராம். கடைசித் தரிப்பு வந்தும் மூன்று பேரும் இறங்கவில்லையாம். சாரதி மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்ப இறங்கிப் போனாராம். அதே பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

அடுத்த நாள் நீர் உம்முடைய அண்ணைக்குப் போன் எடுத்து, "அண்ணை, எனக்கு எல்லாம் தெரியும். நேரம் இருக்கேக்கை வந்து என்னைப் பாத்திட்டுப் போங்கோ" என்றீர். அவருக்கு யார் சொன்னது என்று தெரிய வேறு துப்புத் தேவைப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நான் சமைத்ததைத் தொடாமல், பாண் துண்டை வாட்டிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். லண்டனுக்கு வெளிக்கிடும் மட்டும் என்னோடு ஒரு சொல் இல்லை.

கடைசிவரை உம்மோடு இருந்தார். செத்தவீட்டுக் காரியங்களெல்லாம் முடித்துத் திரும்பி வந்தபின் வழக்கம்போலச் சாப்பிட்டார், வழக்கம்போலக் கதைத்தார். அந்தப் போனைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சொந்தத்தில் சிலர் என் காதில் விழவே கதைத்தார்கள்: இவ சொன்னபடியால்தான் அவள் கெதியாய்ப் போனாள் என்று. அவர்களுக்கு அவர் மறுத்தும் பேசவில்லை. மச்சாள், உம்மை நான்தான் சாக விட்டேனோ என்ற பயம் அன்றைக்கு எனக்குள் வந்து குந்தியது. வீடு மாறி மோர்னிங்சைட்டுக்கு வந்தோம், பிள்ளைகள் வளர்ந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அது போகவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த சங்கதி.

இந்த வருடம் அவருக்கும் அதே வருத்தம் வந்தது. டொக்டர் மகனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். "ப்ளீஸ் அம்மா, அப்பாட்டை ஒண்டும் சொல்லாதேங்கோ. ஹி கான்ற் ஹாண்டில் இற்." இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவனும் எங்கள் ஆட்கள் மாதிரியே சொன்னான்.

பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில் உம்முடைய அண்ணை கண்ணைத் திறந்தார்.

"டொக்டர் என்னவாம்?"

"மருந்தை மாத்தப் போகினமாம்" என்றேன்.

"உது பிள்ளையள் சொல்லச் சொன்னது. நீர் சொல்லும்."

கட்டிலில் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு என் கையைத் தேடி எடுத்தார்.

"அவளுக்கும் நீர்தானே சொன்னனீர்."

"ஓம்."

"அண்டைக்கு நீர் சொல்லியிராட்டில் நான் அவளைச் செத்த வீட்டிலதான் பாத்திருப்பன்" என்றார். "அவளோட இருந்து கதைச்சனான். சிரிச்சனாங்கள். அதை உமக்குச் சொல்லவேணும் சொல்லவேணும் எண்டு இருந்தனான். எனக்கு வாய் வரேல்லை."

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டில் என்றும் பார்க்காமல் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அவர் இல்லாத வீட்டிலிருந்து எழுதுகிறேன். அந்தப் பயம் இப்போது என்னிடம் இல்லை. அது இருந்த இடத்தில் நீர் இருக்கிறீர். வீட்டில் மனுசன் இருந்தார், அண்ணை இருந்தார், அத்தனை சொந்தம் இருந்தது. உண்மை வேண்டும் என்று தோன்றியபோது நீர் என்னைத்தான் கேட்டீர், மச்சாள்.