மையவாடியிலிருந்து திரும்பி வந்த கிதாபு

அன்பு மகன் முர்ஷித்துக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் தங்கச்சி ஸுல்பிகாவும் சுகமாக இருக்கிறோம், கட்டாரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் உன் சத்தம் கேட்டதும் அழுகை வந்து என் கதை நின்றுவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு றஸாக் மாமாவின் மருமகன் அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

வயல் விதைத்தாயிற்று, மாரியும் தொடங்கிவிட்டது. வாப்பா இருந்தால் இந்நேரம் அலுமாரியைத் திறந்து ஈரமும் பூச்சியும் பிடிக்காமல் பார்க்கக் கிதாபுகளை எல்லாம் பாயில் பரப்பியிருப்பார். உனக்குத்தான் தெரியுமே, மௌத்து வீட்டுக்குப் போனால் மய்யித்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததாக அந்த வீட்டு அலுமாரியைத்தான் பார்ப்பார். பழைய தாள் என்று புதைக்க இருந்ததைப் பொத்துவில் வரைக்கும் போய்க் கெஞ்சி வாங்கி வந்தார். காவலுக்கு ஓதுகிற இஸ்மு, நட்சத்திரக் கணக்கு, ஞானப் பாட்டு, எல்லாம் தமிழை அரபு எழுத்தில் கையால் எழுதின அரபுத்தமிழ், வேறு எங்கேயும் கிடைக்காது என்பார். இந்த முறை அவர் செய்கிற மாதிரியே நான் வசம்பு வைத்து, துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி, பெரிய பொதியை வாசலடிக் கதிரையில் வைத்துவிட்டு ளுஹர் தொழ நின்றேன். றஸாக் மாமா வீடுவீடாகக் கிழிந்த குர்ஆன் தாள்களைச் சேர்த்து மையவாடியில் அடக்குகிறவர்தானே, வெள்ளைத் துணிப் பொதியைக் கண்டதும் அடக்கத்தான் கட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்து, தங்கச்சி இதக் கொண்டு போகட்டா என்று வெளியே நின்று கேட்கிறார். தொழுகையில் எப்படிப் பதில் சொல்வது, அல்லாஹு அக்பரைக் கொஞ்சம் உரத்துச் சொன்னேன், அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸலாம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் கதிரை வெறுமை. வாப்பா மௌத்தாகி இத்தாவில் வீட்டுக்குள் இருக்கிறவள் ரோட்டில் இறங்கி ஓடவா முடியும். ஸுல்பிகா ஒலுவில் கெம்பஸிலிருந்து வந்த கையோடு மையவாடி கேற்றடிக்கு ஓடினாள். மனுசன் அதை வாப்பாவுக்குப் பக்கத்திலேயே அடக்கியிருக்கிறார், மச்சான் சந்தோசப்படுவார் என்று. விசயம் தெரிந்ததும் தானே தோண்டி எடுத்து, ஐயோ மச்சான் இப்ப என்னை என்ன பேச்சுப் பேசுவார் என்று சாரனால் மண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதாராம். கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஸுல்பிகா சொல்லிக் கேட்டு நீ போனில், மண்ணுக்குள் போனது போனதாகவே இருந்திருக்கலாம் உம்மா, அதெல்லாம் மார்க்கத்துக்கு ஆகாத கிதாபு என்றாய். ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியாது மகன், என் படிப்பு அவ்வளவுதான். வாப்பாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், இதையும் கொடுக்க மனம் வரவில்லை. அடிப்பக்கம் நனைந்து மை கொஞ்சம் ஊறியிருக்கிறது. வெயிலில் போட வேண்டாம் என்று ஸுல்பிகா சொல்லி, தாளுக்குத் தாள் வெள்ளைப் பேப்பர் வைத்து ஃபேன் காற்றில் காயவிடுகிறோம், காய்ந்ததை அவள் போனில் படம் எடுக்கிறாள். அடியில் இருந்த கிதாபு தையல் விட்டுத் தாள்கள் கலைந்துபோயின. அடுக்குவது நான்தான், சின்ன வயதில் குர்ஆன் ஓதப் படித்த எழுத்துத்தானே. ஒவ்வொரு தாளின் அடியிலும் அடுத்த தாளின் முதல் சொல்லை எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் அடியில் வழியிலே என்று எழுதியிருக்கிறது, அந்தச் சொல்லில் தொடங்குகிற தாளைக் காணவில்லை. மையவாடியில் விழுந்துவிட்டதோ என்று பதறினேன், பிறகுதான் ஞாபகம் வந்தது. அது உன்னிடம் இருக்கிறது மகன். தாளின் மூலை மடிந்தாலே ஏசுகிற மனுசன், நீ புறப்பட்ட அன்று தன் கையாலேயே அந்தத் தாளைக் கழற்றி மடித்து, உன் பெட்டியின் உள்பக்கம் சிப் வைத்த பைக்குள் வைத்தார், பயணத்துக்குக் காவல் என்று. அவனிடம் சொல்லாதே, சிரிப்பான் என்றார்.

அந்தப் பெட்டியைத் திறந்து பார். இருந்தால் தபாலில் போடாதே, லீவுக்கு வரும்போது நீயே கொண்டு வா. எறிந்திருந்தாலும் மறைக்காமல் சொல், உம்மா கோபிக்க மாட்டேன், அந்த இடத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்துத் தைத்துவிடுகிறேன். சுபஹ் தொழுகையைத் தவற விடாதே, இரவில் வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன் உடம்பிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. உன் பதில் வரும் வரைக்கும் கிதாபைத் தைக்காமல் வைத்திருக்கிறேன்.

உன் உம்மா,
சபியா உம்மா