ஒற்றுமைக்கு ஓர் எழுத்து குறைகிறது

ஜனவரி 9, வெள்ளி

உப்பளத்தில் வேலை தொடங்குமுன் ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடி வேண்டிக்கொள்ளப் போகிறோமாம். எல்லோரும் என்றால் இரண்டு கூட்டம்: எங்கள் மாதா கோயில், பாஸ்டர் கலியபெருமாளின் சபை. கோயிலில் கூடினால் சபையார் வரமாட்டார்கள் — மாதா சிலை, அந்தோணியார் சிலை என்று சுரூபங்கள் இருக்கின்றன. சபையில் கூடினால் நாங்கள் போகமாட்டோம் — அது முன்பு கோழிப்பண்ணை. ஆகவே கன்னியப்பனின் உப்புக் கொட்டகை. பேசப்போகும் விஷயம், தாழ்மை.

கொட்டகை கேட்கப் போனபோது கன்னியப்பன் சிரித்தார். "எங்கள்ல பத்து சாமிக்கு ஒரு பூசாரி. உங்களுக்கு இருக்கறதே ஒரு சாமி. அதுக்கு இம்மாம் பஞ்சாயத்தா?"

எம்.ஏ. தமிழ் படித்த பாவத்துக்கு ஃபிளெக்ஸ் வாசகம் எழுதுவது நான். சபை சார்பில் அதைச் சரிபார்ப்பது யார் என்பதை ஃபாதர் ஆரோக்கியராஜ் வாசல் வரை வந்து, கடைசியாகத்தான் சொன்னார். ஷாலினி. என் தங்கை. மூன்று வருடமாகப் பேச்சில்லை.

ஜனவரி 12

'செபம், தாழ்மை, ஒற்றுமை' என்று எழுதி, கோட்டக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிற அஷ்ரப் கடைக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன்.

"அக்கா, உங்க தங்கச்சி ஜெபம்னு மாத்தச் சொல்றாங்க. ஜெ."

"செ. கோயில்ல அப்படித்தான் எழுதுவோம்."

"அவங்க சபையில ஜெ-வாம்."

சாயங்காலத்துக்குள் நான்கு முறை மாறிவிட்டது. கடைசியில் அவன், "சண்ட முடியற வரைக்கும் தொழுகைன்னு போட்டு வெக்கட்டாக்கா?" என்றான்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஜனவரி 14

போகி. ஊரே பழையதை எரித்தது. என்னிடமும் நிறைய இருந்தது. ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பிரசங்கம் உப்பைப் பற்றி. மரக்காணத்துக்கு வருகிற எந்தக் குருவுக்கும் வேறு உவமை கிடைப்பதில்லை. உப்பில் நின்று நின்று கால் வெடித்தவர்கள் பின்வரிசையில் தூங்கினார்கள்.

பூசை முடிந்ததும் ஃபாதர் கேட்டார்: "நீங்களே போய்த் தங்கச்சிகிட்ட பேசினா என்னம்மா?"

"தாழ்மையைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தர்றேன் ஃபாதர். தாழ்மையே வேணும்னா வேற ஆளைப் பாருங்க."

சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அம்மா இருக்கும்போதே ஷாலினி அந்தச் சபைக்குப் போனாள். கழுவெளி ஏரித் தண்ணீரில் முக்கி அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 'அப்போ நான் கொடுத்தது செல்லாதா?' என்று அம்மா கேட்டுக் கேட்டு அழுதாள். அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று ஷாலினி மெழுகுவத்தியை வாங்க மறுத்தாளே — அதைத்தான் தாங்க முடியவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவளிடம் சொன்னேன்: "பெத்தவளுக்கு வத்தி ஏத்தாத கை எதுக்குடி உனக்கு? வெட்டிப் போடு."

கூடப் பிறந்தவளிடம். அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. எம்.ஏ. தமிழ்.

ஜனவரி 21

அஷ்ரப் மறுபடி போன். "அக்கா, தங்கச்சி ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. உங்கம்மா கல்லறையில இருக்கறதே ஜெ தானாம். போய்ப் பாக்கணுமாம்."

பொய். கல்லுக்கு எழுதிக் கொடுத்ததே நான்.

போய்ப் பார்த்தேன். 'இவருக்காக ஜெபியுங்கள்.' ஜெ. வெட்டியவர் தன் வழக்கப்படி வெட்டியிருக்கிறார். மூன்று கல்லறைத் திருநாள் அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றியும் நான் அதை வாசித்ததில்லை.

சரி, அவளுக்கு எப்படித் தெரியும்? செத்தவர்களுக்காக வேண்டுவதே அவர்களுக்கு ஆகாதே?

சுற்றியிருந்த கல்லறைகளில் எல்லாம் வேலிக்காத்தான் முள். அம்மாவுடையதில் ஒரு புல் கிடையாது. மணலைக் கூட்டி விட்டிருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார்தான் செய்கிறார் என்று நினைத்து, கிறிஸ்துமஸ் தவறாமல் அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறேன். அந்த மனுஷரும் வாங்கிக்கொள்கிறார்!

அங்கே நின்றே அஷ்ரபைக் கூப்பிட்டேன். "ஜெ போட்டுடு."

ஜனவரி 23

"யா அல்லா, என்னை விட்டுடுங்கக்கா. நீங்க ஜெ-ன்னு சொல்லிட்டீங்க. நான் அடிக்கறதுக்குள்ள அவங்க போன் போட்டு, 'அக்கா செ-ன்னு சொன்னா செ-வே போட்டுடு'ங்கறாங்க. நான் அந்த இடத்தைக் காலியா விட்டு அடிக்கறேன். ரெண்டு எழுத்தையும் ஸ்டிக்கரா தர்றேன். நீங்களே ஒட்டிக்குங்க."

ஜனவரி 25, ஞாயிறு

கொட்டகை வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியாயிற்று. முதல் எழுத்து இல்லை. 'பம், தாழ்மை, ஒற்றுமை.' ஸ்டிக்கர் இரண்டும் என் கையில். எதிரில் ஷாலினி. அவள் ஃபிளெக்ஸைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

கன்னியப்பன் எழுத்துக்கூட்டி வாசித்தார். "பம்முன்னா இன்னாம்மா? எல்லாரும் பம்மிக்கினு இருங்கன்னு போட்டிருக்கீங்களா? தாழ்மைக்குக் கரெக்டுதான்."

முதலில் சிரித்தவள் அவள்தான். சின்ன வயதில் பூசையில் சிரிப்பாளே, மூக்கால், அதே மாதிரி. அப்புறம் நான்.

ஃபாதர் தாழ்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பாஸ்டர் அவருக்குக் குறையாமல் ஐம்பது. எழுத்தை யாரும் ஒட்டவில்லை. கேட்கவும் இல்லை.

கலையும்போது பக்கத்தில் வந்தாள்.

"வத்தி நீ ஏத்திக்கோக்கா. நான் ஏத்த மாட்டேன்."

"தெரியும்."

"முள்ளு நான் வெட்டுறேன்."

"நானும் வர்றேன்."

"உனக்கு வெட்டத் தெரியாது. உபதேசியாருக்கு வேட்டி எடுத்துக் குடுக்கத்தான் தெரியும்."

அதுவும் தெரிந்திருக்கிறது இவளுக்கு! பதில் சொல்லத் திரும்பினேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை முள் கீறல், புதிதும் பழசுமாக.

ரோடு வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.