நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தேழுக்கும் இடையில்

17 நவம்பர் 2024, ஹனோவர்

உறவுக்காரப் பிள்ளை சுபானியின் பிறந்தநாள் விருந்தில் இன்று சபையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருமகன் கிருஷாந்தின் வேலையை விளக்கினேன். மனிதர் எழுதும் நிரலைக் கணினி நேரே வாசிக்காது. நடுவில் கம்பைலர் என்றொருவன் அதைத் தன் பாணியில் ஓர் உட்பிரதியாக மாற்றி வைத்திருப்பான். அவன் வயிற்றைத் திறந்து அந்தப் பிரதியை வாசிக்க ஜெர்மனியிலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும் என்றேன்.

“மாமா, எங்கட வேலை அறையிலையே பதினொரு பேர் இருக்கிறம்” என்றான் கிருஷாந்.

தங்கை சந்திரகாந்தி, அவன் தாய், வழக்கம்போல: “அண்ணை, புளுகாதேங்கோ.”

திரும்பும்போது காரில் சொன்னான்: “நிரலுக்கு இடையிலை தமிழிலை குறிப்பு எழுதுவன், மாமா. உங்கட புளுகும் வரும், அம்மான்ர ஏச்சும் வரும். அது ஆக்கள் வாசிக்க மட்டும்தான். கம்பைலர் எறிஞ்சுபோடும்.”

என் பேச்சை எறிகிற இயந்திரமா? மரியாதை தெரியாதது.

9 டிசம்பர்

வீதியெல்லாம் பனி. கார் சறுக்கி— கிருஷாந் இல்லை. போட்டு வாறன் மாமா எண்டவன். என்ர பெடி.

9 ஜனவரி 2025

முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, நேற்று முடிந்தது. சந்திரகாந்தி சாப்பிடுவதில்லை. அவன் மடிக்கணினியும் காரோடு நொறுங்கிவிட்டது. அவளைப் பார்க்க ஏலாமல் சொல்லிவிட்டேன்: “அவன் எழுதினது முழுக்கக் கம்பைலருக்குள்ளை கிடக்கு. உன்ர பேரும் கிடக்கு. நான் எடுத்துத் தாறன்.”

நம்பிவிட்டாள். ஏன் சொன்னேன்?

18 ஜனவரி

அவனோடு வேலை செய்த கஜரூபன் வந்தான். கிருஷாந் கையால் எழுதிய மூல நிரல் மடிக்கணினியோடு போய்விட்டது; கடைசியாக இவனுக்கு அனுப்பியிருந்தது கம்பைலரின் உட்பிரதி மட்டும். திறந்து காட்டினான். கூட்டு, ஒப்பிடு, அங்கே தாவு என்று வெறும் கட்டளைகள். தமிழில் ஓர் எழுத்தில்லை.

“குறிப்பு ஒண்டும் மிஞ்சாது, மாமா. எந்த வரியிலயிருந்து வந்தது எண்ட இலக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். இஞ்சை பாருங்கோ, நாற்பத்தொண்டு. அடுத்தது நாற்பத்தேழு.”

“நடுவிலை?”

“அவன் சும்மா வரி விடுறவன் இல்லை. ஏதோ எழுதியிருக்கிறான்.”

“என்னெண்டு?”

கஜரூபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

19 ஜனவரி

சந்திரகாந்தியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஐந்து வரி எழுதியிருக்கிறான், என்னவென்று யாருக்கும் தெரியாது.

என் கையைப் பிடித்தாள்.

“அண்ணை, ஏதாவது சொல்லுங்கோவன். புளுகெண்டாலும் பரவாயில்லை.”

எத்தனை சபை கண்ட வாய். திறந்தேன். ஒரு வரிகூட வரவில்லை.